வெள்ளைப்படுதலுக்கு எந்தச் சோதனை? நெல்லைச் சீமையின் தூரத்துக்கும் வெயிலுக்கும் ஒத்துவருவது எது

வெள்ளைப்படுதல் என்று வரும் பெண் பெரும்பாலும் முதல் வாரத்திலேயே வருவதில்லை. "உடம்பு சூடுன்னு நெனச்சேன் சிஸ்டர், மோரும் எளநீயும் குடிச்சுப் பாத்தேன், கேக்கல" என்று ஒரு மாதம் கழித்துத்தான் சொல்வார். முக்கூடலோ களக்காடோ திசையன்விளையோ, எங்கிருந்து வந்தாலும் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்திருப்பார். பீடித் தட்டை ஒரு நாள் கீழே வைத்தால் அந்த வாரக் கணக்கே இடிக்கும். மறுபடி வாருங்கள் என்றால் பலர் வரமாட்டார்கள். ஆகவே, அந்த ஒரே வருகையில் எடுக்கும் சாம்பிளை எந்தச் சோதனைக்குக் கொடுப்பது என்பது பெரிய முடிவு. ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர், மகப்பேறு மருத்துவர், சிறிய லேப் நடத்துபவர் ஆகிய மூவரையும் மனத்தில் வைத்து, வெள்ளைப்படுதலுக்கு ஒரு காரணமான பாக்டீரியல் வஜைனோசிஸ் என்னும் பி.வி.யைக் கண்டறியும் முறைகளை இங்கே எடை போடுகிறோம்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். பி.வி. வெளியிலிருந்து வந்த ஒற்றைக் கிருமியின் வேலை அல்ல. நலமான பிறப்புறுப்பில் லாக்டோபாசில்லஸ் கிருமிகள் லாக்டிக் அமிலம் சுரந்து பிஎச் அளவை 3.8க்கும் 4.5க்கும் இடையில் வைத்திருக்கும். அவை குறைந்து, கார்ட்னெரெல்லா, பிரெவோடெல்லா, மொபிலன்கஸ், அடோபோபியம் என்று முன்பு சொல்லப்பட்ட ஃபேனிஹெஸ்ஸியா போன்றவை பல நூறு மடங்கு பெருகிவிடும் நிலைதான் பி.வி. அதாவது, தேட வேண்டியது ஒரு குற்றவாளியை அல்ல. குடியிருப்பே மாறிவிட்டதா என்பதை. இது பிடிபட்டால் எந்தச் சோதனை உதவும், எது வழிதவறச் செய்யும் என்பது பாதி விளங்கிவிடும்.

கல்ச்சர்: பலரும் கேட்பது, பி.வி.க்கு உதவாதது

சீட்டில் "எச்.வி.எஸ். கல்ச்சர் அண்ட் சென்சிடிவிட்டி" என்று எழுதுவது பழக்கமாகிவிட்டது; அதாவது, பிறப்புறுப்பின் மேல்பகுதியில் ஸ்வாப் எடுத்து, கிருமியை வளர்த்து, அது எந்த மருந்துக்குக் கேட்கும் என்று பார்ப்பது. பி.வி.க்கு இது வேண்டாம் என்று அழுத்திச் சொல்கிறோம். 1955இல் கார்ட்னரும் டியூக்ஸும் ஒரு கிருமியைப் பிரித்தெடுத்து இதற்குக் காரணம் இதுதான் என்றார்கள். இன்று கார்ட்னெரெல்லா வஜைனாலிஸ் என்று அழைக்கப்படும் அந்தக் கிருமி, எந்தத் தொந்தரவும் இல்லாத பெண்களிலும் பாதிப்பேர் வரை வளரும் என்பது பின்னால் தெரிந்தது. வளர்ந்தது என்பதால் நோய் என்று ஆகாது.

இன்னொரு கேடும் உண்டு. பி.வி.யில் பெருகும் அனேரோப்கள் சாதாரணப் பிளட் அகார் தட்டில் காற்றுப்பட வைத்தால் வளராது. வளர்வது பக்கத்திலிருந்து வந்து ஒட்டிய இ.கோலையும் கிளெப்சியெல்லாவும்தான். ரிப்போர்ட்டில் "இ.கோலை வளர்ந்தது, அமிகாசின் கேட்கும்" என்று வரும். உடனே ஐந்து நாள் ஊசி. பி.வி. அப்படியே இருக்கும், மீதமிருந்த லாக்டோபாசில்லஸும் அடிவாங்கும், பூஞ்சைத் தொற்றும் சேர்ந்துகொள்ளும். சாம்பிளில் இருந்த கிருமி வளர்ந்தது உண்மைதான் என்பதால் லேப்பைக் குறைசொல்ல முடியாது. கேட்ட கேள்விதான் தவறு. திரும்பத் திரும்ப வரும் கேண்டிடா பூஞ்சை எந்த இனம் என்று பார்க்கவும், கர்ப்பிணிகளில் குரூப் பி ஸ்ட்ரெப்டோகாக்கஸைத் தேடவும் கல்ச்சர் வேண்டும். அந்த வேலைகளுக்கு அதை வைத்துக்கொள்ளலாம்.

பாப் ஸ்மியர் ரிப்போர்ட்டின் ஓரத்தில் "பி.வி.யைச் சுட்டும் கிருமி மாற்றம்" என்று ஒரு வரி வரும். அதை மட்டும் நம்பி மருந்து எழுதக் கூடாது. பாப் ஸ்மியர் புற்றுநோய்க்கு முந்தைய மாற்றங்களைப் பார்க்கும் சோதனை, பி.வி.யைப் பிடிப்பதற்கும் விலக்குவதற்கும் அது போதாது. அந்தப் பெண்ணுக்குத் தொந்தரவு இருந்தால் தனியாகச் சோதிக்க வேண்டும்.

ஆம்செல்: பெண் எதிரில் இருக்கும்போது

1983இல் ஆம்செல் குழு வகுத்த நான்கு அடையாளங்களில் மூன்று இருந்தால் பி.வி.: மெல்லிய, ஒரே சீரான, சாம்பல் கலந்த வெள்ளை நீர்; 4.5க்கு மேல் பிஎச். 10 சதவீத பொட்டாசியம் ஹைட்ராக்சைடு (கே.ஓ.எச்.) விட்டதும் எழும் மீன் கவுச்சி. சலைன் ஸ்லைடில் ஐந்து எபிதீலியல் செல்களுக்கு ஒன்றுக்கு மேல், அதாவது 20 சதவீதத்துக்கு மேல், குளூ செல்கள் (கிருமிகள் அப்பி விளிம்பு கலைந்த எபிதீலியல் செல்கள்). சாயம் தேவையில்லை. பத்து நிமிடத்தில் விடை. பெண் எழுந்து போவதற்குள் மருந்துச் சீட்டு எழுதிவிடலாம். இதுவே இதன் பெரிய பலம்.

ஆனால் இந்த நான்கில் ஒவ்வொன்றும் எப்படித் தவறும் என்று தெரிந்திருக்க வேண்டும். பிஎச் பேப்பரை எடுத்துக்கொள்வோம். 1 முதல் 14 வரை காட்டும் ரோல் இதற்கு உதவாது. 4க்கும் 5க்கும் இடையே அதில் நிற வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. 3.8 முதல் 5.5 வரை மட்டும் காட்டும் குறுகிய அளவுப் பேப்பர் வேண்டும். சாம்பிளைப் பக்கச் சுவரின் நடுப்பகுதியிலிருந்து எடுக்க வேண்டும். கருப்பை வாயின் சளி காரத்தன்மை உள்ளது. அதைத் தொட்ட ஸ்வாப் யாருக்கும் 4.5க்கு மேல்தான் காட்டும். இரத்தம், விந்து, ஸ்பெகுலத்தில் தடவிய ஜெல்லி எல்லாமே அளவை மாற்றும். அடிக்கடி நடக்கும் தவறு, ஸ்வாப்பை சலைனில் நனைத்த பிறகு பேப்பரில் வைப்பது. பேப்பரைக் குழாய்த் தண்ணீரால் ஈரமாக்குவதும் அதே தவறுதான். முதலில் காய்ந்த பேப்பரில் ஸ்வாப்பை ஒற்ற வேண்டும்; சலைன் அதன் பிறகுதான். பேப்பர்க் கட்டை ஜன்னலோரம் திறந்து வைத்தால் ஐப்பசி கார்த்திகை ஈரத்தில் நிறம் மங்கிவிடும். மூடி இறுகிய டப்பாவில், சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைத்தால் காலாவதித் தேதி வரை தாங்கும்.

பிஎச் 4.5 அல்லது அதற்குக் கீழே என்றால் பி.வி. இருக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. கேண்டிடாவையோ இயல்பான வெள்ளையையோ பார்க்கலாம். 4.5க்கு மேல் என்றால் மட்டும் பி.வி. என்று முடிவுகட்டக் கூடாது. டிரைக்கோமோனாஸ் என்னும் ஒட்டுண்ணித் தொற்றிலும் ஏறும், மாதவிடாய் நின்ற பெண்களிலும் ஏறும். எங்கள் கருத்தில், ஒரு துணை சுகாதார நிலையத்தில் ஒரே ஒரு பொருள்தான் வாங்க முடியும் என்றால், இந்தக் குறுகிய அளவுப் பேப்பரை வாங்கலாம்.

கே.ஓ.எச். சோதனை எளிது. 10 கிராமை டிஸ்டில்டு வாட்டரில் கரைத்து 100 மில்லியாக்க வேண்டும். கரையும்போது சூடேறும், ஆகவே தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். கண்ணாடிப் பாட்டிலை அரிக்கும், பிளாஸ்டிக் பாட்டில்தான் நல்லது. இதில் தடுமாறுவது மூக்கு. சளி பிடித்த நாளில் டெக்னீஷியனுக்கு வாசனை தெரியாது. இரட்டை மாஸ்க் போட்டாலும் தெரியாது. கவுச்சி அடித்தால் நம்பலாம். அடிக்கவில்லை என்பதை வைத்து நோயை விலக்க முடியாது. கே.ஓ.எச். செல்களைக் கரைத்துவிடும் என்பதால் குளூ செல் பார்க்கும் ஸ்லைடில் அதை விடக் கூடாது. இரண்டுக்கும் தனித்தனி ஸ்லைடு.

குளூ செல்தான் நான்கில் வலிமையான சாட்சி, அதைப் பார்க்கத்தான் பழக்கம் வேண்டும். முதலில் மைக்ரோஸ்கோப்பின் 10 மடங்கு லென்ஸில் தேடி, 40இல் உறுதி செய்ய வேண்டும். கண்டென்ஸரைக் கீழிறக்கி வெளிச்சத்தைக் குறைத்தால்தான் செல்லின் ஓரம் எழுந்து தெரியும். உண்மையான குளூ செல்லில் அந்த ஓரமே காணாமல் போயிருக்கும். மணல் தூவிய மாதிரி, கிருமிகள் விளிம்பு வரை அப்பி, கோடு கலைந்திருக்கும். செல்லின் மேல் பத்துப் பதினைந்து கோல்கள் ஒட்டியிருந்தும் விளிம்பு கூர்மையாகத் தெரிகிறது என்றால் அது லாக்டோபாசில்லஸ் ஒட்டிய சாதாரண செல். புதிதாகச் சேர்ந்தவர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான். இன்னொன்று: பி.வி. ஸ்லைடில் வெள்ளணுக்கள் குறைவாகத்தான் இருக்கும். எபிதீலியல் செல்களைவிட வெள்ளணு அதிகமாக இருந்தால், டிரைக்கோமோனாஸையோ கருப்பை வாய் அழற்சியையோ கூடவே தேட வேண்டும்.

நம் ஊரில் இந்த முறைக்கு எதிரி சித்திரை, வைகாசி வெயில். ஃபேன் சுழலும் அறையில் சலைன் ஸ்லைடு சில நிமிடங்களில் ஓரத்திலிருந்து காய ஆரம்பிக்கும்; செல்கள் சுருங்கி, விளிம்பெல்லாம் மடிந்து, எல்லாமே குளூ செல் மாதிரி தெரியும். டிரைக்கோமோனாஸும் அசைவை நிறுத்திவிடும். அசையாத டிரைக்கோமோனாஸ் வெள்ளணுவைப் போலவே இருக்கும். ஸ்லைடைத் தட்டில் வரிசையாக அடுக்கி, ஓ.பி. முடிந்தபின் பார்க்கலாம் என்று வைத்தால் அது சோதனையே இல்லை. மைக்ரோஸ்கோப் அடுத்த அறையில் இருந்து, பார்க்க ஆள் அதே நேரத்தில் இருந்தால் மட்டும் ஆம்செலைத் தேர்ந்தெடுக்கலாம். கிருமிகளை ஊதா, இளஞ்சிவப்பு என்று நிறத்தால் பிரித்துக் காட்டும் கிராம் சாயத்தோடு ஒப்பிட்ட ஆய்வுகளில் ஆம்செல் நோயாளிகளில் 37 முதல் 70 சதவீதம் பேரை மட்டுமே பிடித்திருக்கிறது. ஆனால் நோயில்லாதவர்களை 94 முதல் 99 சதவீதம் சரியாக விலக்கியிருக்கிறது. ஆம்செல் "ஆம்" என்றால் மருந்து கொடுக்கலாம். "இல்லை" என்றால் கிராம் ஸ்லைடு ஒன்றும் இருக்கட்டும்.

கிராம் சாயமும் நியூஜென்ட் மதிப்பெண்ணும்: எங்கள் முதல் தேர்வு

பி.வி. ஆய்வுகளில் மற்ற முறைகளை ஒப்பிட அளவுகோலாக வைத்திருப்பது 1991இல் நியூஜென்ட் குழு வெளியிட்ட மதிப்பெண் முறை. நெல்லைச் சீமைக்கு அது ஏன் பொருந்துகிறது என்றால், காய்ந்த ஸ்லைடு பஸ் ஏறும். சலைன் ஸ்லைடு பத்து நிமிடம் தாங்காது. ஸ்வாப் சாயங்காலத்துக்குள் காய்ந்துவிடும். ஆனால் காற்றில் உலர்ந்த கிராம் ஸ்லைடு ராதாபுரத்திலிருந்து பாளையங்கோட்டைக்கு இரண்டு நாள் கழித்து வந்தாலும் காலையில் எடுத்தது போலவே படிக்கலாம். சந்தேகம் வந்தால் ஒரு மாதம் கழித்தும் இன்னொருவர் அதே ஸ்லைடைப் பார்க்கலாம். வேறு எந்த முறையும் இவ்வளவு குறைந்த செலவில் இந்த வசதியைத் தராது.

ஸ்லைடு போடுவது எளிது. ஸ்பெகுலம் தேவையில்லை. திருமணமாகாத பெண்களும் பரிசோதனைக்குக் கூச்சப்படுபவர்களும் தாங்களே ஸ்வாப்பை சுமார் 5 சென்டிமீட்டர் உள்ளே விட்டுச் சில முறை சுற்றி எடுத்துத் தரலாம். மருத்துவர் எடுத்ததற்கு ஈடாகவே விடை வருகிறது. ஸ்வாப்பைக் கண்ணாடியில் தேய்க்காமல் உருட்ட வேண்டும். தேய்த்தால் செல்கள் கிழியும். அடியில் வைத்த செய்தித்தாளின் எழுத்து ஸ்மியர் வழியே படிக்க முடிந்தால் கனம் சரி. பெயரையும் தேதியையும் ஸ்லைடின் சொரசொரப்பான முனையில் பென்சிலால் எழுத வேண்டும். பேனா மை ஆல்கஹாலில் போய்விடும். உலர்ந்த ஸ்லைடை மூடிய ஸ்லைடு பெட்டியில் வைக்க வேண்டும், மேஜையில் திறந்து வைத்தால் எறும்பும் கரப்பானும் ஸ்மியரைத் தின்றுவிடும்.

சாயமிடுமுன் மெத்தனாலில் 2 நிமிடம் வைத்து நிலைநிறுத்துவது, தீயில் காட்டுவதைவிட நல்லது. செல்லின் வடிவம் கெடாது. கிரிஸ்டல் வயலட் 1 நிமிடம், அயோடின் 1 நிமிடம், பிறகு நிறம் நீக்குதல். தப்பு நடக்கும் இடம் இந்த மூன்றாவது படிதான். ஆல்கஹால் வழிந்தோடும்போது ஊதா வடிவது நின்றதும் உடனே தண்ணீர் விட வேண்டும். அதிகம் விட்டால் லாக்டோபாசில்லஸ் ஊதாவை இழந்து இளஞ்சிவப்பாகிவிடும். நலமான பெண்ணுக்கு மதிப்பெண் ஏறும். குறைவாக விட்டால் எல்லாமே ஊதா. நோயுள்ளவர் நலம் என்று திரும்பிப் போவார். சரிபார்க்க ஒரு வழி ஸ்லைடிலேயே இருக்கிறது: எபிதீலியல் செல்லின் நியூக்ளியஸும் வெள்ளணுவும் இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். அவை ஊதாவாக இருந்தால் அந்த ஸ்லைடைப் படிக்கவே கூடாது. ஒவ்வொரு தொகுதியோடும் ஸ்டெஃபைலோகாக்கஸ், இ.கோலை இரண்டும் தடவிய கட்டுப்பாட்டு ஸ்லைடு ஒன்று ஓட வேண்டும். கடைசிச் சாயத்துக்குச் சாஃப்ரானினைவிட பேசிக் ஃபுக்சின் மேல். அனேரோப்கள் சாஃப்ரானினை மங்கலாகத்தான் எடுக்கும். போர்வெல்லில் உப்புத் தண்ணீர் வரும் ஊர்களில் கடைசிக் கழுவலுக்கு மட்டுமாவது டிஸ்டில்டு வாட்டர் வேண்டும், இல்லையென்றால் உப்புப் படிகங்கள் ஃபீல்டு (மைக்ரோஸ்கோப்பில் தெரியும் வட்டம்) முழுக்கக் கிடக்கும்.

இனி எண்ணுவது. 100 மடங்கு லென்ஸில், எண்ணெய் விட்டு, செல்கள் உள்ள பத்து ஃபீல்டுகளின் சராசரி. ஒரு ஃபீல்டில் ஒன்றுக்கும் குறைவு 1+, ஒன்று முதல் நான்கு 2+, ஐந்து முதல் முப்பது 3+, முப்பதுக்கு மேல் 4+. பெரிய ஊதாக் கோலான லாக்டோபாசில்லஸ் 4+ என்றால் 0 மதிப்பெண். குறையக் குறைய ஒவ்வொன்றாக ஏறி, அறவே இல்லையென்றால் 4. சாயத்தை ஒரே சீராக ஏற்காத (கிராம் மாறி), அல்லது இளஞ்சிவப்பாகும் (கிராம் நெகட்டிவ்) சின்னஞ்சிறு கோல்களுக்கு நேர்மாறாக 0 முதல் 4 வரை. வளைந்த கோலான மொபிலன்கஸ் 1+, 2+ என்றால் 1. 3+, 4+ என்றால் 2. மூன்றையும் கூட்டி 0–3 இயல்பு, 4–6 இடைநிலை, 7–10 பி.வி.

ஒரு ஸ்லைடைக் கிட்டே வைத்துப் பார்ப்போம். பருத்த ஊதாக் கோல்கள் ஃபீல்டுக்குச் சராசரி மூன்று. இது 2+, மதிப்பெண் 2. பொடிக் கோல்கள் எண்ண முடியாத அளவு. 4+, மதிப்பெண் 4. பத்து ஃபீல்டில் நான்கு இடத்தில் மட்டும் நிலாப் பிறை மாதிரி வளைந்த கோல். 1+, மதிப்பெண் 1. கூட்டினால் 7, பி.வி. அந்த நான்கு பிறைகளையும் கவனிக்காமல் விட்டிருந்தால் 6 என்று இடைநிலையில் நின்றிருக்கும். அவசர அவசரமாக மூன்று ஃபீல்டு பார்த்து எழுதும் ரிப்போர்ட்டுக்கும் பொறுமையாகப் பத்து பார்த்து எழுதுவதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

இந்த முறைக்கும் ஓட்டைகள் உண்டு. மாதவிடாய் நின்ற பெண்ணின் ஸ்லைடில் கிருமியே இல்லாமல் வெறும் செல்கள் மட்டும் இருக்கலாம். லாக்டோபாசில்லஸ் இல்லை என்பதாலேயே 4 மதிப்பெண் வந்து இடைநிலை ஆகிவிடும். அது பி.வி. அல்ல, ஹார்மோன் குறைவு. 2002இல் வந்த ஹே–ஐசன் முறை இதைத் தனியாகப் பிரித்து, கிருமியற்றதைத் தரம் 0 என்றும், ஊதாவாகும் (கிராம் பாசிட்டிவ்) உருண்டைக் கிருமிகள் மட்டும் நிறைந்ததைத் தரம் 4 என்றும் சொல்கிறது. எண்ணாமல் பார்வையிலேயே தரம் பிரிப்பதால் வேகமும் அதிகம். ஒரு நாளில் முப்பது நாற்பது ஸ்லைடு வரும் இடத்தில் ஹே–ஐசன் போதும் என்பது எங்கள் கருத்து. அடுத்து லாக்டோபாசில்லஸ் ஐனர்ஸ்: மெலிந்து, குட்டையாக, நிறம் நிற்காமல் இருப்பதால் கார்ட்னெரெல்லா என்று எண்ணப்பட்டுவிடும். மூன்றாவது, மைக்ரோஸ்கோப்பே. ஐபீஸில் 18 என்று எழுதியிருந்தால் எண்ணெய் ஃபீல்டின் விட்டம் 0.18 மில்லிமீட்டர், 22 என்றால் 0.22. பரப்பளவில் இது ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. ஒரே ஸ்லைடில் ஒரு லேப் 25 எண்ணி 3+ என்றும், இன்னொரு லேப் 37 எண்ணி 4+ என்றும் எழுதும். இரண்டும் நேர்மையான எண்ணிக்கைதான். ஆகவே, ஒரு பெண்ணைத் தொடர்ந்து கவனிக்கும்போது ஒரே லேப்புக்கு, முடிந்தால் ஒரே மைக்ரோஸ்கோப்புக்கு அனுப்புவது நல்லது.

பிசிஆரும் மற்றவையும்

சியாலிடேஸ் என்னும் என்சைமைக் காட்டும் நிறமாற்றக் கிட்கள் பத்து நிமிடத்தில் விடை தரும், மைக்ரோஸ்கோப் தேவையில்லை. ஆனால் எல்லா கார்ட்னெரெல்லாவும் அந்த என்சைமைச் சுரப்பதில்லை. ஒவ்வொரு சோதனைக்கும் ஒரு கிட் செலவாவதாலும், குறைவாகப் பயன்படும் இடத்தில் காலாவதியாகிவிடும் என்பதாலும் இங்கே பரிந்துரைக்க மாட்டோம்.

கிருமியின் மரபணுவைத் தேடும் பிசிஆர் வேறு தரம். லாக்டோபாசில்லஸ், கார்ட்னெரெல்லா, அடோபோபியம் ஆகியவற்றின் விகிதத்தைக் கணக்கிட்டு விடை சொல்லும் சோதனைகள் நோயுள்ளவர்களில் 90 சதவீதத்துக்கு மேல் பிடிக்கின்றன. இல்லாதவர்களை விலக்குவது 85 முதல் 90 சதவீதம் அளவில் நிற்கிறது. அதே ஸ்வாப்பில் டிரைக்கோமோனாஸும் கேண்டிடாவும் தெரிந்துவிடும். டிரைக்கோமோனாஸைப் பொறுத்தவரை சலைன் ஸ்லைடு மூன்றில் ஒரு பங்கையாவது தவறவிடும் என்பதால் பிசிஆரின் மதிப்பு அங்கேதான் அதிகம். கவனிக்க வேண்டியது ஒன்று: விகிதம் பார்க்காமல், கார்ட்னெரெல்லா "கண்டறியப்பட்டது" என்று மட்டும் சொல்லும் பன்னிரண்டு கிருமிப் பேனல்கள் கல்ச்சரின் பழைய தவற்றையே ஆயிரக்கணக்கில் பணம் வாங்கிச் செய்கின்றன. அனுப்புமுன், பி.வி.க்கு அளவீட்டு முடிவு தருமா என்று லேப்பிடம் கேட்க வேண்டும். தொந்தரவு இல்லாத பெண்ணுக்கு இந்தச் சோதனை தேவையே இல்லை.

யாருக்கு எது

சோதனையே இல்லாமல் அறிகுறியை வைத்து மருந்து கொடுப்பதும் ஒரு தேர்வுதான். அரசு மையங்களில் தரும் பச்சை நிற கிட் 2இல் செக்னிடசோல் 2 கிராமும் ஃப்ளூகோனசோல் 150 மில்லிகிராமும் இருக்கும், பி.வி., டிரைக்கோமோனாஸ், கேண்டிடா மூன்றுக்கும் சேர்த்து. திரும்ப வரமாட்டார் என்று தெரிந்த பெண்ணுக்கு இது நியாயம். கர்ப்பிணிக்கு ஃப்ளூகோனசோல் மாத்திரை கூடாது, அங்கே கட்டாயம் சோதித்துப் பிரித்தறிய வேண்டும். கிட் கொடுப்பதாக இருந்தாலும் அதற்கு முன் ஒரு ஸ்லைடு உருட்டிக் காயவைப்பதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. இரண்டு மாதத்தில் மறுபடி வந்தால், முதல் முறை இருந்தது பி.வி.தானா என்று சொல்ல அந்த ஸ்லைடு ஒன்றுதான் மிஞ்சியிருக்கும்.

ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு பிஎச் பேப்பரும் காய்ந்த ஸ்லைடும். வள்ளியூர், அம்பாசமுத்திரம் போல மைக்ரோஸ்கோப்பும் டெக்னீஷியனும் உள்ள இடத்தில் ஆம்செல், கூடவே கிராம். பாளையங்கோட்டையில் மருத்துவக் கல்லூரி அளவில் நியூஜென்ட், பத்தில் ஒரு ஸ்லைடை இரண்டாமவர் பெயர் தெரியாமல் மறுபடி படிக்கும் ஏற்பாட்டோடு. ஒரே வருடத்தில் மூன்றாவது முறை வந்தவருக்கும், ஸ்லைடும் அறிகுறியும் முரண்படுபவருக்கும் பிசிஆர். இடைநிலை மதிப்பெண் வந்தால் அதே ஸ்லைடில் குளூ செல் தேட வேண்டும். இருந்து, தொந்தரவும் இருந்தால் பி.வி.யாகவே நடத்தலாம். இல்லையென்றால் மாதவிடாய் முடிந்து ஒரு வாரம் கழித்து மறு ஸ்லைடு.

லேப் ரிப்போர்ட்டில் "பி.வி. பாசிட்டிவ்" என்று ஒற்றை வரி போதாது. லாக்டோபாசில்லஸ் 2, பொடிக் கோல் 4, வளைகோல் 1, மொத்தம் 7 என்று பிரித்து எழுதி, குளூ செல், வெள்ளணு, பூஞ்சை, டிரைக்கோமோனாஸ் ஒவ்வொன்றும் இருந்ததா இல்லையா என்பதையும், சாம்பிள் எடுத்த நாள் மாதவிடாயின் எத்தனையாவது நாள் என்பதையும் சேர்க்க வேண்டும். அந்தத் தாளின் ஒரு பிரதி அந்தப் பெண்ணின் கையிலும் இருக்க வேண்டும். அடுத்த முறை நாகர்கோவிலிலோ திருப்பூரிலோ வேறொரு மருத்துவரிடம் காட்டினால் அவர் பார்க்கப்போவது அந்த எண்களைத்தான்.